பெரிய சக்கரத்துக்கு ஒரு கட்டை

கீழைப்பாடியின் எல்லைக்கல் தன் இடத்தை விட்டுக் கிளம்பிப் போன வைகாசியில், கல் எப்படி நடந்தது என்று அந்த ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாருக்காக நடந்தது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அதிலும் அய்யாக்கண்ணுவின் மனைவி சிவக்கொழுந்து, குழம்பில் உப்புக் குறைந்தால்கூட அதில் யார் கை இருக்கிறது என்று யோசிக்கிறவள், மற்றவர்கள் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கேட்கத் தொடங்கிவிட்டாள்.

அவளுக்கு அதில் நியாயமும் இருந்தது. அவளுடைய ஒரே மகள் தையல்நாயகியை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாத்தனேந்தலில் மருதையன் என்கிற பையனுக்குப் பேசி முடித்துப் பாக்கு வெற்றிலையும் மாற்றியாயிற்று. அம்மன் திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்தால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். கீழைப்பாடியில் ஒரே எல்லைக்குள் பெண் கொடுப்பதும் கிடையாது, எடுப்பதும் கிடையாது. எல்லைக்கல்லுக்கு உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் அம்மன் பிள்ளைகள், ஆகவே அண்ணன் தங்கைகள். அந்தக் கல் இப்போது போய் நின்றிருந்ததோ சாத்தனேந்தலில், மருதையன் வீட்டையும் தாண்டி.

கல் நடக்கக் காரணமாக இருந்தது எல்லோர் கண் முன்னாலும்தான் நடந்தது. அந்த வருஷம்தான் பட்டணத்துத் தண்டவாளம் கீழைப்பாடியைக் கடந்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, சாத்தனேந்தலில் போய் முடிந்திருந்தது. அதன்மேல் ஓட வந்த இஞ்சினுக்கு நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு பெரிய சக்கரங்கள். நல்ல உயரமான ஆள் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாலும் உச்சி எட்டாது. முன்னும் பின்னும் சின்னச் சக்கரங்கள், பசுவோடு ஓடிவரும் கன்றுகளைப் போல ஓடிவந்தன. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குப் போகிற தூரமும் பெரிது, அதனால்தான் இவ்வளவு வேகம் என்று டிரைவர் பெரைரா, பட்டணத்துச் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், நல்ல தமிழிலேயே எடுத்துச் சொன்னார். ஊர் கேட்டுக்கொண்டது, ஆனால் நம்பவில்லை. அவ்வளவு பெரிய சக்கரம் அவர்கள் அறிந்தவரை தேருக்குத்தான் உண்டு. தேர் என்றால் மேலே சாமி இருக்க வேண்டும். சாமியைக் காணவில்லை என்றால் கம்பெனிக்காரர்கள் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள், அய்யாக்கண்ணு மஞ்சள் பூசிய கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தேரடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அம்மன் தேர் ஓடும்போது அதன் சக்கரத்துக்குக் குறுக்கே கட்டை போட்டுத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் குடும்பத்து வேலை. மணிக்கட்டில் காப்பு, நெற்றியில் திருநீறு. அந்த நேரம் பார்த்து, தண்ணீர் பிடிக்க நின்றிருந்த இஞ்சின் சரிவில் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பெரைரா எதையோ பிடித்து இழுத்தார், நிற்கவில்லை. அய்யாக்கண்ணுவின் கண்ணுக்குத் தெரிந்தது தன்னைவிட உயரமான ஒரு சக்கரம் உருள்வது மட்டும்தான். மனசு யோசிப்பதற்குள் கை பழகிய வேலையைச் செய்துவிட்டது. கட்டை சக்கரத்தடியில் போனது. இஞ்சின் நின்றது. பெரைரா மேலேயிருந்து, "சபாஷ் பெரியவரே" என்றார்.

இஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. கூடவே கல்லும் போயிற்று. அது நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆடு மேய்க்கப் போனவர்கள் கல் இருந்த இடத்தில் ஈரக் குழியையும் அதில் நெளியும் மண்புழுக்களையும் பார்த்தார்கள். சாத்தனேந்தலில் தண்டவாளம் முடிகிற இடத்தில், மஞ்சள் காயாமல் கல் நின்றுகொண்டிருந்தது.

நாட்டாண்மை வேம்பையா ஊரைக் கூட்டி, இதில் குழம்ப ஒன்றுமில்லை என்றார். காப்புக் கட்டிய கை, பூசை செய்த கட்டையைப் போட்டுவிட்டது, ஆகையால் அது தேர். தேர் போகிற தெரு தேரோடும் வீதி. தேரோடும் வீதி ஊருக்குள்தான் இருக்க முடியும். ஆகையால் சாத்தனேந்தல் இப்போது கீழைப்பாடியில் இருக்கிறது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிக்கொண்டே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் இரண்டு ஊரும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. காப்புக் கட்டிய ஊரில் கடுகு தாளிக்கக் கூடாது, மிளகாய் இடிக்கக் கூடாது, எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. சாத்தனேந்தல்காரர்கள், எங்கள் ஊர்க் கடுகுக்கு உங்கள் ஊர் அம்மன் எப்படிக் கணக்குக் கேட்கலாம் என்றார்கள். ஆனாலும் பயந்துகொண்டு வாணலியைக் கவிழ்த்து வைத்தார்கள். கீழைப்பாடிப் பெண்கள் காப்புக் கட்டிய கையோடு ரயிலேறி, எல்லை தாண்டாமலே சாத்தனேந்தல் வரை போய், வீடு வீடாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தார்கள். எந்த வீட்டுக் கூரையிலாவது பெருங்காய வாசனை வந்தால் நின்று, "என்ன அக்கா, விருந்தாளியா?" என்று இனிமையாகக் கேட்டார்கள். சாத்தனேந்தல் ஆண்கள் பதிலுக்கு ரயிலேறி வந்து, நாங்களும் ஊர்க்காரர்கள்தானே என்று கோயில் பொங்கலுக்கு வரிசையில் நின்றார்கள். ரயில் வரும்போதெல்லாம் இரண்டு ஊரிலும் தண்டவாளத்தின்மேல் தேங்காய் உடைத்தார்கள். இளநீர் பட்ட தண்டவாளத்தில் பெரிய சக்கரம் பிடிமானமில்லாமல் நின்ற இடத்திலேயே விர்ரென்று சுழன்றது. பார்த்தாயா, அம்மனுக்குப் போக மனமில்லை என்று மேலும் உடைத்தார்கள்.

இதையெல்லாம்விட மோசம், கூப்பிடுகிற முறை மாறிப்போனது. எல்லைக்குள் வந்துவிட்டவர்களை மாமா, அத்தை என்று கூப்பிட முடியாது. சம்பந்தி முறையில் இருந்தவர்கள் பங்காளி முறைக்கு வந்தார்கள். கேலி பேசி வளர்ந்த மச்சான்மார், திடீரென்று அண்ணன் தம்பிகளாகி, பேச ஒன்றுமில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிவக்கொழுந்து முதலில் சந்தேகப்பட்டது புருஷனைத்தான்.

"இந்தா பாருங்க, நீங்க அந்தச் சக்கரத்துக்குக் கட்டை போட்டீங்களா, நம்ம புள்ள கல்யாணத்துக்கு முட்டுக்கட்டை போட்டீங்களா?"

"சக்கரம் உருண்டுச்சு, போட்டேன்" என்றார் அய்யாக்கண்ணு. "நீதான் உருண்டு வந்தாலும் போட்டிருப்பேன்."

"பொண்ணை அனுப்ப மனசில்லாம போட்டீங்களோன்னு கேக்குறேன்."

"அனுப்ப மனசில்லைன்னா வாயால சொல்ல மாட்டனா? இதுக்கு ஒரு இஞ்சினைப் புடிச்சு நிறுத்தணுமா?"

அடுத்து மகளைச் சந்தேகப்பட்டாள். தையல்நாயகி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, நேராகக் கேட்காமல், எல்லையம்மனிடம் நீ எதையாவது வேண்டிக்கொண்டாயா என்று கேட்டாள்.

"அண்ணன் வேணும்னு நான் வேண்டலைம்மா" என்றாள் மகள், முறத்தை நிறுத்தாமல். "ஏற்கெனவே ரெண்டு இருக்கு. அதுகளுக்குச் சோறு போட்டே கை ஓய்ஞ்சு போச்சு."

"அப்ப அந்தப் பையன் வேணும்."

"நீங்கதானே பாத்துட்டு வந்து நல்ல பையன்னு சொன்னீங்க. இப்ப கல்லு வந்து வேற மாதிரி சொல்லுச்சுன்னா கல்லைப் போய்க் கேளுங்க." சொல்லிவிட்டு அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசியில் கல் இல்லை. இருந்தும் தேடிக்கொண்டிருந்தாள். சிவக்கொழுந்துவுக்கு அது போதுமாக இருந்தது.

அப்படியென்றால் மிச்சமிருப்பது அந்தப் பக்கம்தான். மறுநாள் காலை அவள் ரயிலேறினாள். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் கலைந்து ஒரே பச்சைக் கோடாக ஓடின. இவ்வளவு வேகமாகப் போகிறவர்களுக்கு என்ன அவசரம், யாரை ஏமாற்ற இந்த அவசரம் என்று அவள் அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டே போனாள்.

மருதையனின் தாய் அங்காயி வாசலிலேயே நின்றிருந்தாள். "வா தங்கச்சி" என்றாள்.

சிவக்கொழுந்துவின் கால் படியில் அப்படியே நின்றது. போன தடவை வந்தபோது, வாங்க சம்பந்தி என்றவள் இவள்.

"தங்கச்சின்னே ஆக்கிட்டீங்களா?"

"நான் எங்க ஆக்குனேன்? உங்க ஊருக் கல்லு, உங்க வீட்டுக்காரர் போட்ட கட்டை, உங்க நாட்டாண்மை தீர்ப்பு. சம்பந்தம் வேணாம்னா ஒரு ஆள் மூலமா சொல்லி அனுப்பிருக்கலாம். இம்மாம் பெரிய கல்லை அனுப்பணுமா?"

"கல்லை நாங்க அனுப்பலை. நீங்க இழுத்தீங்க."

"நாங்க எதுக்கு இழுக்கணும், தாளிக்காத ரசத்தைக் குடிக்கவா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் துழாவிப் பார்த்தார்கள். பொய் இருந்தால் எட்டிப் பார்க்கும் என்று காத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தது அங்காயியின் தம்பி நல்லதம்பிதான். உள்ளேயிருந்து வேட்டியைச் சரி செய்துகொண்டே வந்து, "வாங்கக்கா வாங்க, எல்லாம் அம்மன் செயல். முறை மாறிப் போச்சு, என்ன செய்யுறது? மனசைத் தேத்திக்கங்க. புள்ளைக்கு வேற நல்ல எடமா வரும்" என்றார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். ஆனி முடிந்தால் ஆடி வந்துவிடும், ஆடி வந்தால் பேச்சு ஆறிவிடும், ஆறிய பேச்சை யாரும் எடுத்துச் சாப்பிட மாட்டார்கள் என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது. சிவக்கொழுந்து அந்தச் சிரிப்பை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள்.

மருதையன் கொல்லைப் பக்கமிருந்து வந்தான். அவளைப் பார்த்ததும், "வாங்க" என்றான். அத்தை என்று சொல்லவில்லை, சின்னம்மா என்றும் சொல்லவில்லை. வாங்க என்பதோடு நிறுத்திக்கொண்டு, தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்த ஒற்றைச் சொல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அத்தை என்று கூப்பிடப் பயமா, அல்லது மனமில்லையா? பயம் என்றால் போகட்டும். மனமில்லை என்றால்?

அன்று சாயங்காலமே அவள் நாட்டாண்மை வீட்டு வாசலில் போய் நின்றாள். தேர் கிளம்பினால் நிலைக்கு வந்து சேர வேண்டாமா, கிளப்பிவிட்டுவிட்டு நடுத்தெருவில் விட்டால் என்ன ஊர் இது என்று கேட்டாள். வேம்பையா தாடியைத் தடவினார். தினமும்தான் அந்த இஞ்சின் திரும்பி வருகிறதே, கல் வரவில்லையே என்றார். கரியும் தண்ணீரும் இழுத்தால் கல் எப்படி வரும், வடம் பிடிக்க வேண்டாமா என்றாள் சிவக்கொழுந்து. வேம்பையாவுக்கு அது தனக்கே தோன்றியிருக்க வேண்டிய விஷயமாகப் பட்டது. ஆகையால் தனக்கே தோன்றியதாக மறுநாள் ஊருக்குச் சொன்னார்.

இஞ்சினுக்கு வடம் கட்டி இழுக்கக் கேட்டதும் பெரைரா முதலில், சக்கரத்தைத் திருடப் பார்க்கிறீர்கள் என்றார். பிறகு தண்டவாளத்தில் கிடந்த தேங்காய் ஓடுகளைப் பார்த்தார்.

"இழுத்துட்டுப் போயிட்டா இந்த இளநி அபிஷேகம் நிக்குமா?"

"நிலைக்கு வந்துட்டா அப்புறம் அது உங்க வண்டி" என்றார் வேம்பையா.

"ஞாயித்துக்கிழமை நெருப்பை அணைச்சுட்டு சாத்தனேந்தல்லதான் நிக்கும். இழுங்க. ஆனா நான் மேலதான் உக்காந்திருப்பேன், ஒரு ஆணி குறையக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மன் தேரின் வடங்களைக் கொண்டுபோய் இஞ்சினின் கொக்கியில் கட்டினார்கள். வடம் தொடுவதற்கு முன் வேம்பையா ஊர் வழக்கப்படி மூன்று தரம் உரக்கச் சொன்னார்: வடத்தில் கை வைத்தவன் கீழைப்பாடிக்காரன், இன்றைக்கு மட்டும் அல்ல, என்றைக்கும். கேட்டுக்கொண்டே கீழைப்பாடியார் வரிசையாகப் பிடித்தார்கள், பெண்கள் ஒரு வடம், ஆண்கள் ஒரு வடம். சாத்தனேந்தலிலும் ஒரு கூட்டம் பொங்கலையும் புண்ணியத்தையும் நினைத்து ஓடிவந்து பிடித்தது. சிவக்கொழுந்து பெண்கள் வடத்தில் முதல் ஆளாக நின்றாள், எல்லோரையும் பார்க்கத் தோதான இடம் அது.

சக்கரம் முனகிக்கொண்டு அசைந்தது. கரியில் ஓடும்போது ஆரக்காலே தெரியாமல் ஒரு வெள்ளைத் தட்டாகச் சுழல்கிற சக்கரம், மனிதர்கள் இழுக்கும்போது ஒவ்வொரு ஆரமாக எண்ணிக் காட்டுவதுபோல மெல்லத் திரும்பியது. பக்கத்தில் அய்யாக்கண்ணு கட்டையோடு நடந்தார். மேலே பெரைரா தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல் எங்கே வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. ஆனால் இஞ்சின் சாத்தனேந்தலின் கடைசி வீட்டைத் தாண்டியதும் பின்னால் ஒரு வீட்டில் கடுகு வெடித்தது, பிறகு இன்னொரு வீட்டில், பிறகு தெரு முழுக்கப் படபடவென்று. கல் வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மருதையனும் வந்தான். வடம் பிடிக்காமல், தண்டவாளத்துக்கு ஓரமாக, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு வந்தான்.

"மாப்பிள்ளைக்குக் குளுருது போல" என்றான் கீழைப்பாடி இளவட்டம் ஒருவன். "வைகாசி வெயில்ல நடுங்குறாரு பாரு."

"கை இருக்கான்னு பாருடா முதல்ல."

மருதையன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான். சிவக்கொழுந்துவுக்கு முகம் எரிந்தது. ஊரே தோல் உரிய இழுக்கிறது, கட்டிக்கொள்ளப் போகிறவன் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறான். மனமில்லை, இதோ தெரிந்துவிட்டது, மனமில்லை என்று ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் நெஞ்சு சொல்லிக்கொண்டே வந்தது.

பாலத்தைத் தாண்டினால் கீழைப்பாடிப் பக்கம் மேடு. பாதி மேட்டில் வடம் முறுக்கி நின்றது. இஞ்சின் ஒரு அடி பின்னால் வழுக்கியது. அய்யாக்கண்ணு கட்டையைச் செருகித் தோளை வைத்துத் தாங்கினார், நெற்றி நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு கை வேண்டும், ஒரே ஒரு கை என்று வேம்பையா கத்தினார். எல்லோரும் மருதையனைப் பார்த்தார்கள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, கையை இன்னும் உள்ளே செருகினான். கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போது நல்லதம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து ஒவ்வொருவராகத் தட்டிக்கொடுத்து, பிடிங்கப்பா பிடிங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவர், துண்டை மடித்து அந்தத் துண்டால் வடத்தின் நுனியைத் தூக்கி மருதையன் நெஞ்சருகே நீட்டினார்.

"பிடிடா மருமவனே. ஊரு பாக்குது. பொண்ணு குடுக்கப் போறவங்க பாக்குறாங்க. ஒரு தடவை கை வச்சா என்ன?"

மருதையன் பாம்பைப் பார்த்தவன்போலப் பின்வாங்கினான்.

சிவக்கொழுந்துவின் கண் அந்தத் துண்டில் நின்றது. இந்த மனிதர் ஏன் துண்டால் பிடிக்கிறார்? வெறுங்கையால் பிடித்தால் என்ன ஆகும்? வடத்தில் கை வைத்தவன் கீழைப்பாடிக்காரன், என்றைக்கும். கல் வீட்டுக்கு வந்து சேர்ந்தாலும், சாத்தனேந்தல் திரும்பச் சாத்தனேந்தல் ஆனாலும், வடம் தொட்டவன் கீழைப்பாடியில் பிறந்தவன் மாதிரிதான், தையல்நாயகிக்கு அண்ணன்தான். ஒரு விரல் பட்டால் போதும்.

அவள் வடத்தை விடாமலே திரும்பினாள்.

"என்னங்க நல்லதம்பி, இவ்வளவு சொல்றீங்களே, துண்டை எடுத்துட்டு நீங்களே ஒரு கை வைக்குறது?"

"எனக்கு இடுப்பு வலி அக்கா."

"இடுப்பு வலிக்கு இடுப்பைத்தான் வைக்கக் கூடாது. கையை வைங்க."

பெண்கள் வடத்தில் சிரிப்பு ஓடியது. சிரிப்பு ஓடிய வேகத்தில் வடமும் ஓடியது. மேட்டில் சிக்கிய சக்கரம் ஒரு ஆரம் திரும்பியது, இன்னொரு ஆரம் திரும்பியது, பிறகு கீழைப்பாடியை நோக்கித் தானாகவே சாய்ந்தது. நல்லதம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தார். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியடிக்கு வந்து இஞ்சின் நின்றபோது அய்யாக்கண்ணு கடைசிக் கட்டையைப் போட்டார். வேம்பையா, நிலை சேர்ந்தது என்றார். எல்லைக்கல் அதன் குழியில், எங்கேயும் போகாதது மாதிரி நின்றது, மண்கூட இறுகிக் கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, சிலருக்கு உடைந்து ரத்தம் கசிந்தது. பெரைரா இறங்கி வந்து ஆணிகளைச் சரிபார்த்தார்.

மருதையன் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்டார்கள், வரவில்லை.

சிவக்கொழுந்து கல்லைத் தாண்டிப் போனாள். "கையைக் காட்டு" என்றாள்.

அவன் அக்குளிலிருந்து கைகளை எடுத்து நீட்டினான். காலையிலிருந்து செருகி வைத்திருந்ததில் வியர்வையில் ஊறி வெளுத்திருந்தன. அவள் தன் கொப்புளக் கையால் அவன் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. முகர்ந்து பார்த்தாள். கயிற்று நார் வாசனை இல்லை, மஞ்சள் வாசனை இல்லை. இடது கையையும் அப்படியே பார்த்தாள். விரலிடுக்கையும் விடவில்லை. தூரத்தில் நின்ற தையல்நாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஊரே ரத்தம் கசிய உழைத்த அன்று, ஒரு வேலையும் செய்யாத கையைப் பார்த்து மனம் குளிர்ந்து பெண் கொடுத்தவள் சிவக்கொழுந்து ஒருத்திதான். குளிர்ந்த பிறகும், இரண்டு கைகளையும் இன்னொரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.